பத்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு எவ்வளவு போதும்?

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய கிழமை, தரம் 6 மாணவி ஒருத்தி வாயையும் கன்னங்களையும் லேஞ்சியால் மூடிக்கொண்டு வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தாள். லேஞ்சியை எடுக்கச் சொன்னபோது மூக்கின் இரு பக்கமும் சிவந்து, சாம்பல் நிறச் செதில்கள் எழும்பி, வாயோரம் வெடித்திருந்ததைக் கண்டேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தியின் ரியூப் ஒன்றை எடுத்து, யாருக்கும் சொல்லாமல் மூன்று இரவுகள் பூசியிருக்கிறாள். மறுநாள் அந்த ரியூப்பைக் கொண்டுவந்தபோது வாசித்துப் பார்த்தேன். ரெட்டினோல் சேர்ந்த, சுருக்கங்களைக் குறைக்கும் இரவுக் கிரீம் அது. பதினொரு வயதில் எந்தச் சுருக்கத்தைக் குறைப்பது? அந்தக் கிரீமை நிறுத்தி, வெறும் தண்ணீரால் கழுவி, காலையும் இரவும் மெல்லியதாக வசலின் பூசி, வெயிலில் நிற்காமல் பார்த்துக்கொண்டதில் பத்து நாட்களுக்குள் அவளுடைய முகம் பழையபடி ஆகிவிட்டது.

அதன் பிறகு மட்டக்களப்பின் பல பக்கங்களிலிருந்தும் வரும் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் வைத்தியர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்ட விடைகளையும் சேர்த்து இதை எழுதுகிறேன். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதியுள்ளேன். நான் ஆசிரியை, வைத்தியர் அல்ல. ஆகவே வீட்டில் செய்யக்கூடியது எங்கே முடிகிறது, வைத்தியரிடம் போகவேண்டியது எங்கே தொடங்குகிறது என்பதையும் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

முதலில், இந்த வயதில் தோலில் நடப்பது

ஏழு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் சில ஓமோன்களை மெதுவாகச் சுரக்கத் தொடங்குகின்றன. அவற்றின் தூண்டுதலால் அதுவரை உறங்கிக் கிடந்த எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. நெற்றியிலும் மூக்கிலும் அவை நெருக்கமாக இருப்பதால் மினுமினுப்பும் சிறு மணிகளும் அங்கேதான் முதலில் தென்படும். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவமாற்றம் தொடங்குவது வழமை, ஆனால் பருவமாற்றத்தின் வேறெந்த அடையாளமும் தெரிவதற்கு முன்பே நெற்றியில் மணிகள் வரலாம் என்பதால், “அதற்குள்ளேயா?” என்று அம்மாக்கள் பயந்து கேட்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அக்குளில் வியர்வை மணம் தொடங்குவதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான்.

மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகள் ஊத்தை அல்ல. துவாரத்தில் அடைபட்ட எண்ணெயும் இறந்த தோற்கலங்களும், அவற்றோடு கலந்திருக்கும், தோலுக்கு நிறம் தரும் மெலனினும் காற்றுப் பட்டுக் கறுப்பதால் வருபவை அவை. எனவே எவ்வளவு தேய்த்தாலும் போகா. தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் புண்படும். அதே வேளையில் அதே பிள்ளையின் கன்னங்கள் வறண்டிருக்கலாம். நெற்றிக்கு எண்ணெய் கூடிவிட்டது என்று முகம் முழுவதையும் காயவைக்கும் சவர்க்காரம் வாங்குவதில் இருக்கும் பிழை இதுதான்.

தோலின் மேற்படை மிக மெல்லியது. உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியில் இருப்பதை உள்ளே விடாமலும் காப்பது அந்தப் படையே. அது இலேசான அமிலத்தன்மை கொண்டது, அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். பெறுமானம் அதற்கு 5 அளவில் இருக்கும். சாதாரண சவர்க்காரக் கட்டி காரமானது, அதன் பி.எச். 9 முதல் 10 வரை இருப்பதால், கழுவிய பின் முகம் இழுப்பதுபோல் பிள்ளை உணர்கிறது. அந்த இழுப்பைச் “சுத்தமாகிவிட்டது” என்று நாங்கள் நெடுங்காலமாகப் பிழையாக விளங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

முதலாவது படி: கழுவுதல்

இரவில் ஒரு தடவை சவர்க்காரத்தோடும், காலையில் வெறும் தண்ணீரோடும் கழுவினால் போதும். விளையாடி வியர்த்து வந்தால் இன்னொரு தடவை தண்ணீரால் கழுவலாம். ஒரு நாளில் நாலைந்து தடவை சவர்க்காரம் போடும் பிள்ளைக்கு முகம் முதலில் காயும், பிறகு எரியும்.

எந்தச் சவர்க்காரம் என்பதைவிட எது வேண்டாம் என்பதைச் சொல்வது இலகுவானது. கிருமிநாசினிச் சவர்க்காரம் முகத்துக்கு நாளாந்தம் வேண்டாம். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் எந்த நாளும் வேண்டாம். கிணற்றடியில் அதுதான் கைக்கு எட்டுகிறது என்பதற்காக அதையே முகத்துக்குப் போடும் ஆண் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இன்னும் இருக்கிறார்கள். மணிகள் கலந்து உரசிக் கழுவும் வகைகளும் வேண்டாம். மணம் குறைந்த, மென்மையான ஏதேனும் ஒன்று போதும். மருந்துக்கடையில் சவர்க்காரம் கலவாத திரவ வகைகளும் கிடைக்கின்றன. தோல் மிகவும் காயும் பிள்ளைக்கு அவை நல்லவை. மற்றப் பிள்ளைகளுக்குக் குழந்தைச் சவர்க்காரமே தாராளம். விலை கூடியது மென்மையானது என்று பொருளல்ல.

செய்முறையை ஒரு தடவை கூடவே நின்று காட்டிக்கொடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் சவர்க்காரக் கட்டியையே முகத்தில் வைத்து உரசுகிறார்கள். அப்படியல்லாமல் முதலில் கைகளைக் கழுவவேண்டும். பிறகு முகத்தை நனைத்து, கட்டியை ஈரக் கைகளுக்கிடையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, வந்த நுரையை மட்டும் விரல் நுனிகளால் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி வட்டமாகத் தடவவேண்டும். மயிர் தொடங்கும் ஓரம், காதுகளின் முன்பக்கம், நாடியின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களும் பிள்ளைகள் வழக்கமாகத் தவறவிடுபவை. தலையில் வைத்த எண்ணெய் வழிந்து தங்குவதும் அங்கேதான். மனத்துக்குள் இருபது வரை எண்ணுவதற்குள் இதை முடித்துவிடலாம். பிறகு நுரை மிச்சமில்லாமல் அலசி, துவாயை முகத்தில் ஒற்றியெடுக்கவேண்டும், துடைக்கக்கூடாது.

தண்ணீரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எங்கள் மணற்பாங்கான நிலத்தில் பல கிணறுகளின் தண்ணீர் கோடையில் உவர்ப்பாகிவிடுகிறது. உவர்த் தண்ணீரிலும் கடினத் தண்ணீரிலும் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் போடுவோம். அது முழுதாகப் போகாமல் தோலில் படிந்து கடியை உண்டாக்கும். இப்படிப்பட்ட வீடுகளில் எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணீரில் முடித்துவிட்டு, கடைசியாக ஒரு செம்பு குழாய்த் தண்ணீரால் முகத்தை அலசினாலே வித்தியாசம் தெரியும். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடலில் குளித்த நாட்களுக்கும் இதே முறைதான்.

துவாய் பிள்ளைக்கென்று தனியாக இருக்கவேண்டும். குடும்பத்துக்கே ஒரு துவாய் என்றால் படர்தாமரையும் சிரங்கும் வீட்டைச் சுற்றி வரும். மூன்று நாட்களுக்கு ஒரு தடவை தோய்த்து வெயிலில் காயப்போடுங்கள். மாரி காலத்தில் காயாமல் புழுங்கல் மணம் வீசும் துவாயால் முகத்தைத் துடைப்பதைவிட, சுத்தமான பழைய பருத்திச் சட்டைத் துண்டால் ஒற்றுவது மேல்.

பர்தா அணியும் பிள்ளைகளுக்கு நெற்றியோரத்திலும் நாடியின் கீழும் வியர்வை தேங்கி மணிகள் வருவதைக் காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வரும் உம்மாமார் பலர் சொல்லியிருக்கிறார்கள். இதற்குக் கிரீம் எதுவும் வேண்டாம். நாளுக்கு ஒரு தோய்த்த பர்தா, செயற்கை நூலுக்குப் பதிலாகப் பருத்தித் துணி, வீட்டுக்கு வந்தவுடன் தண்ணீரால் முகம் கழுவுதல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் போதும்.

இரண்டாவது படி: வறண்ட இடத்துக்கு மட்டும் பூசுதல்

எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நாளும் கிரீம் தேவையில்லை. கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பூசுங்கள், இல்லையென்றால் விடுங்கள். மே மாதத்திலிருந்து மலைகளைக் கடந்து வரட்சியாக இறங்கிவரும் கச்சான் காற்றுக் காலத்தில் உதடு வெடிக்காத பிள்ளையை இங்கே காண்பது அரிது. அந்த மாதங்களில் பூசலாம். மழை தொடங்கியபின் நிறுத்தலாம்.

பூசும் நேரம்தான் முக்கியம். குளித்து ஒற்றியெடுத்த உடனேயே, தோலில் ஈரம் சற்று இருக்கும்போதே, சில நிமிடங்களுக்குள் பூசினால் அந்த ஈரம் உள்ளே தங்கும். நன்றாகக் காய்ந்தபின் பூசுவது காய்ந்த நிலத்துக்குப் பொலித்தீன் விரித்ததைப் போலத்தான். உதட்டுக்கும் முழங்கை, முழங்காலுக்கும் மெல்லியதாக வசலின் பூசலாம். கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெயும் நல்லதே. அம்மம்மாக்கள் சொன்னதில் இது ஒன்று சரியாக இருக்கிறது. ஆனால் பரு வரத் தொடங்கிய முகத்துக்கு அதே எண்ணெயைப் பூசவேண்டாம். அது துவாரங்களை அடைக்கும்.

சில வீடுகளில் வைத்தியசாலையில் கொடுத்த அக்குவஸ் கிரீம் இருக்கும். அதைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவப் பயன்படுத்தலாம். பூசி அப்படியே விடும்போது சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் கரப்பன் உள்ளவர்களுக்கு எரிவு உண்டாகும். எரிந்தால் தாங்கிக்கொள்ளச் சொல்லவேண்டாம். நிறுத்திவிட்டு வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள்.

உதட்டை நக்கும் பழக்கம் தனி விடயம். நக்கும்போது ஈரமாவதுபோல் இருந்தாலும், உமிழ்நீர் காயும்போது தோலின் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் வாயைச் சுற்றி வட்டமாக ஒரு கறுப்புக் கோடு விழுகிறது. சொல்லித் திருத்துவதைவிட, பள்ளிக்கூடப் பையில் ஒரு சிறிய வசலின் டப்பாவை வைத்துவிடுவது பலன் தரும்.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிய இடத்தில் ஒரு கிழமை பூசிப் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டுபோங்கள். அப்படிப் பார்த்திருந்தால் அந்த மாணவி லேஞ்சியால் முகத்தை மூட நேர்ந்திருக்காது.

மூன்றாவது படி: நிழல்

எங்கள் பாடசாலைகள் பிற்பகல் 1.30க்கு விடுகின்றன. புறஊதாக் கதிர்கள் மிகவும் வலுவாக இருப்பது காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 4 மணி வரை. அதாவது, வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் பிள்ளைகளைத் தெருவில் நடக்க விடுகிறோம். மட்டக்களப்பு வடக்கு அகலாங்கு 7 பாகை 43 கலை அளவில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வருகிறது. பிள்ளைக்கு ஓர் எளிய அளவுகோலைச் சொல்லிக்கொடுங்கள்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால், ஒதுங்க ஒரு மர நிழலைத் தேடு.

சன்ஸ்கிரீன் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டும், ஆனால் எந்தச் சந்தர்ப்பத்தில் என்பதை அறிந்து வாங்கினால் காசு மிச்சமாகும். எஸ்.பி.எஃப். என்று ரியூப்பில் எழுதியிருப்பது வெயிலைத் தடுக்கும் அளவு. எஸ்.பி.எஃப். 30 என்பது எரிவை உண்டாக்கும் கதிர்களில் ஏறத்தாழ 97 வீதத்தைத் தடுக்கிறது, எஸ்.பி.எஃப். 50 ஏறத்தாழ 98 வீதத்தைத் தடுக்கிறது. அந்த ஒரு வீதத்துக்காக இரட்டிப்பு விலை கொடுக்கவேண்டியதில்லை. யூ.வி.ஏ. (UVA), யூ.வி.பி. (UVB) என்னும் இருவகைப் புறஊதாக் கதிர்களையும் தடுப்பதாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கவேண்டும். சிங்க் ஒக்சைட் கொண்ட வகை கண்ணில் எரிவைக் குறைவாகவே தரும். ஆனால் எங்கள் நிறத்தில் வெண்ணீறு பூசியதுபோல் தெரியும், பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். வெயிலில் இறங்குவதற்கு 15 நிமிடங்களுக்கு முன்பே பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும், நீந்தினாலோ வியர்த்தாலோ உடனும் மீண்டும் பூசவேண்டும்.

இந்தக் கடைசி வரியை யோசித்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பூசி அனுப்பிய கிரீம் 1.30 மணி வெயிலுக்கு நிற்காது. வகுப்பின் நடுவில் எந்தப் பிள்ளையும் எழுந்து போய் மறுபடி பூசப்போவதுமில்லை. ஆகவே நாளாந்தப் பாடசாலை வெயிலுக்குக் குடையே சரியான கருவி என்பது என் முடிவு. சன்ஸ்கிரீனை இல்ல விளையாட்டுப் போட்டி, கடற்கரைச் சுற்றுலா, கிரிக்கெட் விளையாடும் சனிக்கிழமை என்று நீண்ட நேரம் வெளியில் நிற்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியான நாட்களில் தொட்டுத் தொட்டுப் பூசாமல் தாராளமாகப் பூசவேண்டும். வளர்ந்தவருக்கு முகமும் கழுத்தும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு, பிள்ளைக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. காதுகளை மறக்கவேண்டாம். ஆண் பிள்ளைகளின் குடுமியற்ற பின்கழுத்தையும் மறக்கவேண்டாம்.

“கறுத்துப் போவாய், உள்ளே வா” என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வெயிலிலிருந்து காப்பது எரிவுக்காக, கண்ணுக்காக, பிற்காலத்தில் தோலுக்கு வரும் கேடுகளைக் குறைப்பதற்காக. கறுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கறுப்பைக் குற்றம்போலக் கேட்டு வளரும் பிள்ளைதான் கீழே சொல்லப்போகும் டப்பாக்களை ஒளித்து வைக்கிறது.

பரு வந்தால்

பிதுக்கவேண்டாம். பற்பசை பூசவேண்டாம், அது எரித்துக் காயவைக்கிறது, சில வேளைகளில் தழும்பும் விடும். நெற்றியில் மட்டும் வரிசையாகச் சிறு மணிகள் வந்திருந்தால் முதலில் தலை எண்ணெயைச் சந்தேகியுங்கள். காலையில் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னி அனுப்பும் வழக்கத்தை மாற்றி, முழுகுவதற்கு முந்திய இரவில் எண்ணெய் வைத்து மறுநாள் சம்போவால் கழுவிவிடுங்கள். ஓரிரு மாதங்களில் நெற்றி தெளிவதைக் காண்பீர்கள். தலையணை உறையைக் கிழமைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். சிவந்து வலிக்கும் பருக்களுக்கு வைத்தியர் குறைந்த செறிவுள்ள பென்சோயில் பெரொக்சைட் எழுதிக்கொடுக்கலாம்; அது துணியின் நிறத்தை வெளிறச் செய்யும் என்பதால், அந்த நாட்களில் நிறத் தலையணை உறையை எடுத்துவிட்டு வெள்ளையைப் போடுங்கள்.

வேண்டாதவை

ரெட்டினோல், தோலுரிக்கும் அமிலங்கள், விற்றமின் சி செறிவு, சுருக்கம் நீக்கும் கிரீம் எதுவும் இந்த வயதுக்கு உரியவை அல்ல. தோற்கலங்கள் தாமாகவே விரைவாகப் புதுப்பிக்கும் வயதில், அந்த வேலையைத் துரிதப்படுத்தும் பொருளைப் பூசுவதால் கிடைப்பது எரிவும் வெயிலைத் தாங்காத முகமுமே.

அவற்றைவிட எனக்குக் கூடுதலான பயத்தைத் தருபவை வெள்ளையாக்கும் கிரீம்கள். இவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் தோல் வெளிறும். அதே பாதரசம் தோலின் ஊடாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். பூசியவருக்கு மட்டுமல்ல, அவர் துடைத்த துவாயையும் படுத்த தலையணையையும் பயன்படுத்தும் சிறு பிள்ளைகளுக்கும் அது போய்ச்சேரும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனப் பொருட்களை 2020க்குப் பின் உற்பத்தி செய்யவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்பது அதன் தொடக்க விதி; 2025க்குப் பின் பாதரசம் சேர்க்கப்பட்ட எல்லா அழகுசாதனப் பொருட்களுக்கும் அந்தத் தடை விரிவாக்கப்பட்டது. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. இருந்தும் இணையத்திலும் கைமாற்றாகவும் இவை வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வேறு சில கிரீம்களில் பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்ரீரொயிட் மருந்துகள் கலந்திருக்கும். வைத்தியர் அளவு சொல்லிக் கொடுக்கும்போது இவை நல்ல மருந்துகள். அளவில்லாமல் முகத்தில் பூசும்போது முதல் இரண்டு கிழமை முகம் பளிச்சென்று தெளியும். அந்தத் தெளிவுதான் பொறி. பிறகு தோல் மெலிந்து, சிவந்த இரத்தக்குழாய்க் கோடுகள் தெரிந்து, பருக்கள் வெடிக்கும். திடீரென நிறுத்தினால் இன்னும் சிவந்து எரியும் என்பதால், நெடுநாள் பூசிய பிள்ளையை வைத்தியரிடம் காட்டியே நிறுத்தவேண்டும்.

எப்படி அடையாளம் காண்பது? சேர்மானப் பட்டியல் இல்லாதது, உற்பத்தியாளரின் விலாசம் இல்லாதது, ஏழு நாளில் நிறம் மாறும் என்பது, பெயரில்லாத டப்பாவில் அடைத்து விற்கப்படுவது ஆகிய எதையும் வீட்டுக்குள் எடுக்கவேண்டாம். வெள்ளி, தங்க நகைகளில் படவிடாதீர்கள் என்று ஒரு கிரீமில் எழுதியிருந்தால், அது பாதரசத்தின் அடையாளம் என்று கொள்ளுங்கள். இப்படிப்பட்டது கடையில் விற்கப்படுவதைக் கண்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

“நாங்கள் அதெல்லாம் பூசுவதில்லை, தேசிக்காய்தான்” என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று தாகசாந்தியில் நின்று நண்பகல் வரை தேசிக்காய் பிழிந்த ஒரு பையன், இரண்டு நாள் கழித்துப் பாடசாலைக்கு வந்தபோது, அவனுடைய மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சாறு வழிந்த பாதையிலேயே சிவந்த கோடுகளும் சிறு கொப்புளங்களும் எழும்பியிருந்தன. வீட்டில் யாரோ சூடு வைத்துவிட்டார்கள் என்றுதான் நாங்கள் முதலில் எண்ணினோம். தேசிக்காய்ச் சாற்றிலுள்ள ஒரு பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், நெருப்புச் சுட்டதுபோல் ஆகும் என்பதை வைத்தியர்தான் விளக்கினார். கொப்புளம் காய்ந்தபின் விழுந்த கறுப்புக் கோடுகள் மறைய மாதங்கள் சென்றன. கைக்கே இது என்றால் முகத்துக்கு எப்படி இருக்கும்? கடலை மாவு, தயிர் போன்றவற்றால் பெரிய தீங்கில்லை, பெரிய நன்மையும் இல்லை. சமையல் மஞ்சள் தூளைச் சில பிள்ளைகளின் தோல் ஏற்காது, கடித்தால் விட்டுவிடுங்கள்.

பிள்ளையோடு பேசும்போது

2025இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 7 முதல் 18 வயது வரையான பெண் பிள்ளைகள் டிக்டொக்கில் இட்ட 100 தோல்பராமரிப்புக் காணொளிகளைப் பார்த்து எண்ணினார்கள். ஒரு பிள்ளை சராசரியாக ஆறு பொருட்களைப் பூசியது; மாதச் செலவு சராசரியாக 168 டொலர். பகற்பொழுதுக்கான காணொளிகளில் கால்வாசியில்தான் சன்ஸ்கிரீன் இருந்தது. தேவையான ஒன்றை விட்டுத் தேவையற்ற ஐந்தைப் பூசும் அதே காணொளிகள்தான் களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் எங்கள் பிள்ளைகளின் கையில் ஓடுகின்றன.

கைத்தொலைபேசியைப் பறிப்பதால் இது தீராது. பிள்ளைக்கு வேண்டியது தனக்கென்று ஒன்று; வளர்ந்துவருகிறோம் என்ற எண்ணத்துக்கு ஓர் அடையாளம். கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவளுக்கென்று ஒரு துவாய், ஒரு சவர்க்காரப் பெட்டி, ஒரு சிறிய வசலின் டப்பா ஆகியவற்றை அவளையே தெரிவுசெய்ய விடுங்கள். நிறத்தை அவள் தேர்ந்தெடுக்கட்டும். ஆண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனுக்கும் முகம் இருக்கிறது என்பதை வீடுகள் மறந்துவிடுகின்றன.

வைத்தியரிடம் எப்போது

எட்டு வயதுக்கு முன் பரு வந்தால், அல்லது எந்த வயதிலும் பருக்கள் ஆழமாகி, வலித்து, பள்ளம் விழுந்தால் காட்டவேண்டும். இரவில் நித்திரை கெடும் அளவுக்குக் கடி இருந்தாலும், அதே கடி வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தாலும் சிரங்காக இருக்கலாம். முழு வீட்டுக்கும் ஒரே நாளில் மருந்து போடவேண்டிவரும்.

கன்னத்தில் வெளிறிய தேமல்போன்ற வட்டங்கள் இந்த வயதில் மிகவும் பொதுவானவை. கல்சியம் குறைவு, பூச்சி என்று பாட்டிமார் சொன்னாலும், அவை பெரும்பாலும் வறட்சியால் வரும் மென்மையான ஒருவகைக் கரப்பனே. நாள்தோறும் ஈரத்தோடு கிரீம் பூசினால் மெதுவாக, சில மாதங்களில் மாறும். ஆனால் வெளிறிய இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் காத்திருக்கவேண்டாம். பிள்ளையைக் கண்ணை மூடச்சொல்லி, பஞ்சுத் திரி ஒன்றால் அந்த இடத்தையும் பக்கத்து இடத்தையும் மாறிமாறித் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். வாவி நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்ததைப் பழங்கதையாகவே பலர் நினைக்கிறார்கள். அந்த நோய் கிழக்கில் இன்னும் கண்டறியப்படுகிறது, பிள்ளைகளிலும்தான். ஆரம்பத்தில் கண்டால் மாத்திரைகளால் முழுதாக மாறும், மருந்து இலவசம். உணர்ச்சி சரியாக இருந்தாலும், ஒரு மாதம் கிரீம் பூசியும் சற்றேனும் மாறாத, அல்லது பெரிதாகிக்கொண்டு போகும் வெளிறலைக் காட்டத்தான் வேண்டும்.

அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் முதலில் காட்டினால், தேவைப்பட்டால் அவர்களே தோல் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். போகும் நாளில் முகத்தில் எதையும் பூசாமல் கூட்டிக்கொண்டு போங்கள். கடந்த மூன்று மாதத்தில் பிள்ளை பூசிய எல்லாவற்றையும், சித்தியின் ரியூப்பையும் பெயரில்லாத டப்பாவையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு வைத்தியரின் மேசையில் வையுங்கள்.